குழந்தை வீட்டிலேயே இருக்கலாமா? குழந்தைகள் நலக் குழு முடிவெடுக்கும் முறை

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒரு குழந்தை கொண்டுவரப்பட்டால் அதை உடனே காப்பகத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சம் பெற்றோர் பலருக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை படும் பாட்டை அறிந்தும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்காமல் இருந்துவிடுபவர்களைத் தடுப்பதும் பெரும்பாலும் அதே அச்சம்தான். ஆனால் சட்டம் சொல்வது வேறு. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, காப்பகத்தைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணப்பட வேண்டும். இன்றிரவு இந்தக் குழந்தை அந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்குமா என்பது முதல் கேள்வி. உடனடி ஆபத்து இல்லையென்றாலும் வரும் மாதங்களில் தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு, அதை எதைக் கொண்டு குறைப்பது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சில மணி நேரத்தில் விடை தேவை; இரண்டாவதற்கு நிதானமான விசாரணை தேவை. சட்டத்தில் வரும் காலக்கெடுக்களை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால் அவை எதற்காக வைக்கப்பட்டவை என்பது தெளிவாகும்.

குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். உறுப்பினர்களில் குறைந்தது ஒருவர் பெண்ணாகவும், மற்றொருவர் குழந்தைகள் தொடர்பான விவகாரங்களில் வல்லுநராகவும் இருக்க வேண்டும். மாதத்துக்குக் குறைந்தது 20 நாட்கள் கூட வேண்டிய இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரங்கள் உண்டு. ஆயினும் அது நீதிமன்றம் போல நடக்கக் கூடாது என்பதில் விதிகள் கண்டிப்பாக இருக்கின்றன: உறுப்பினர்கள் உயர்ந்த மேடையில் அமரக் கூடாது, குழந்தைக்கும் அவர்களுக்கும் நடுவே சாட்சிக் கூண்டோ தடுப்போ இருக்கக் கூடாது. குழு கூடாத நேரத்தில் ஓர் உறுப்பினரின் முன்பு மட்டும் குழந்தையை ஆஜர்படுத்தித் தற்காலிகப் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

குழந்தைக்கு அடி விழுந்து, காயம்பட்டு, அது நிரூபணமான பிறகே குழு தலையிட முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று வரையறுக்கும் பிரிவு 2(14)-ஐப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். குழந்தையுடன் வசிக்கும் ஒருவர் அதைக் கொல்வதாகவோ காயப்படுத்துவதாகவோ மிரட்டியிருந்து, அந்த மிரட்டல் நிறைவேற நியாயமான வாய்ப்பு இருந்தால் போதும். அவர் வேறொரு குழந்தைக்குத் தீங்கு செய்திருந்து, இந்தக் குழந்தைக்கும் அதே கதி நேர வாய்ப்பு இருந்தாலும் போதும். திருமண வயதை எட்டுமுன் மணம் முடித்து வைக்கப்படும் ஆபத்தை நெருக்கத்தில் எதிர்கொள்ளும் குழந்தையும் இந்த வரையறைக்குள் வருகிறது. ஆக, நடந்தது என்ன என்பதோடு நடக்கக்கூடியது என்ன என்பதையும் எடைபோடச் சொல்வது சட்டமேதான்.

குழந்தையைக் கண்டெடுத்தவரோ மீட்டவரோ, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் அழைத்து வர வேண்டும். காவலர், அரசு ஊழியர், சமூகப் பணியாளர், மருத்துவர், செவிலியர் என எவரும் அழைத்து வரலாம். குழந்தை தானே வரவும் உரிமை உண்டு.

குழுவின் முன் வரும் வழக்குகளில் மிகவும் கடினமானது, தீங்கு செய்ததாகச் சொல்லப்படுபவரும் குழந்தையும் ஒரே வீட்டில் வசிக்கும் நிலைமை. பாலியல் குற்றம் பற்றிய புகார் என்றால் 2020-ஆம் ஆண்டின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகள் இங்கே வழிகாட்டுகின்றன. காவல் துறை எழுத்துப்பூர்வமான காரணங்களுடன் 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழுவின் முன் ஆஜர்படுத்த வேண்டும். அந்த வீட்டிலிருந்து குழந்தையை வெளியே எடுப்பது அவசியமா என்பதைக் குழு 3 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது: குழந்தையைப் பராமரித்துப் பாதுகாக்கப் பெற்றோர் இருவருக்குமோ ஒருவருக்கோ உள்ள திறன், குழந்தை அவர்களுடன் தொடர்ந்து இருக்க வேண்டிய தேவை, அதன் வயது, முதிர்ச்சி, பாலினம், சமூகப் பொருளாதாரப் பின்னணி, மாற்றுத்திறன், நாள்பட்ட நோய், அந்தக் குடும்பத்தில் முன்பு வன்முறை நடந்த வரலாறு ஆகியவை. இவற்றோடு குழந்தையின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும். இப்படியொரு முடிவு பரிசீலனையில் இருப்பதைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கவும் வேண்டும்.

இந்தப் பட்டியலில் முதலில் வரும் பெற்றோரின் திறன்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தாயின் இரண்டாவது கணவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஆசிரியையிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு மகள்மீது பாசம் இருக்கிறதா என்பதை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினால் அது மதிப்பீடு ஆகாது. மகள் சொல்வதைத் தாய் நம்புகிறாரா? கணவரை வெளியேறச் சொல்ல அவருக்குத் துணிவும் வாடகை கொடுக்க வருமானமும் உண்டா? அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? சிறுமி எந்த அறையில், யார் பக்கத்தில் தூங்குகிறாள், அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? அவள் ஓடிப்போய் நிற்கக்கூடிய பாட்டி வீடோ சித்தி வீடோ நடக்கும் தூரத்தில் உண்டா? தாய் மகளை நம்பி, அந்த நபரும் வீட்டைவிட்டு அகன்றுவிட்டால், சிறுமி தன் வீட்டிலேயே, தன் பள்ளியிலேயே தொடரலாம். தாய் கணவரின் பக்கம் நின்றால், எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் அன்றிரவு அந்த வீடு பாதுகாப்பானதல்ல.

காயங்களைப் பார்ப்பதிலும் இதே நுணுக்கம் தேவை. ஓடியாடும் குழந்தைக்கு முழங்காலிலும் அதற்குக் கீழே காலின் முன்புறத்திலும் கன்றிப்போவது சகஜம். காது, கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் காணும் கன்றலுக்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும். தவழத் தொடங்காத கைக்குழந்தையின் உடலில் எந்தக் கன்றல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது. சொல்லப்படும் விளக்கம் காயத்தோடு பொருந்துகிறதா, கேட்கும் ஆளுக்குத் தக்கபடி விளக்கம் மாறுகிறதா என்பதை அனுபவமுள்ள பணியாளர்கள் முதலில் குறித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது கேள்விக்கான கருவி சமூக விசாரணை அறிக்கை. குழுவின் ஆணைப்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளரோ, நன்னடத்தை அலுவலரோ, குழு குறிப்பிடும் தொண்டு நிறுவனமோ இதைத் தயாரிக்கலாம். விசாரணை 15 நாட்களில் முடிய வேண்டும். குழந்தை முதன்முதலில் ஆஜரான நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க இது வழிசெய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகளில் 22-ஆம் படிவமாக உள்ள இந்த அறிக்கை குடும்ப உறவுகள், உடல்நலம், பள்ளி, வேலை, குழந்தை அனுபவித்த வன்முறை, அண்டை வீட்டார் சொல்வது எனப் பலவற்றையும் கேட்கிறது. மதிப்பெண் போட்டுக் கூட்டி விடை காணும் அட்டவணை அதில் இல்லை. எனவே எழுதுபவரின் நேர்மையும் கூர்மையும்தான் அறிக்கையின் தரம். 'தாய் பொறுப்பற்றவர்' என்று எழுதுவது தீர்ப்பு. 'மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை நான்கு வயதுத் தம்பியை இந்தச் சிறுவன் தனியாகப் பார்த்துக்கொள்கிறான், அடுப்பும் பற்ற வைக்கிறான்' என்று எழுதுவது தகவல். இரண்டாவது வகை வாக்கியத்தைக் கொண்டுதான் குழுவால் ஏதாவது செய்ய முடியும். கட்டங்களை 'ஆம்', 'இல்லை' என்று நிரப்பி அனுப்பப்படும் அறிக்கைகள் குழந்தைக்கு உதவுவதைவிடக் கோப்புக்கே அதிகம் உதவுகின்றன.

வறுமையைத் தீங்கோடு குழப்பிக்கொள்வது இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை. ஒற்றை அறை, ஒழுகும் கூரை, கிழிந்த உடை ஆகியவை குழந்தையைப் பிரிப்பதற்கான காரணங்கள் அல்ல. குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அடையாளங்கள். தம் கட்டுப்பாட்டுக்கு மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட நேர்ந்த பெற்றோரின் செயலை வேண்டுமென்றே செய்ததாகக் கருதக் கூடாது என்று பிரிவு 75 சொல்வதும் இந்த உணர்வில்தான். தாய் கணவரை இழந்தவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தாலும், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயால் பாதிக்கப்பட்டிருந்தாலும், ஆதரவற்ற குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தாலும் நிதி ஆதரவு கேட்கலாம். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் ரூ. 4,000 வழங்கப்படுகிறது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் ரூ. 72,000-க்கும் பிற இடங்களில் ரூ. 96,000-க்கும் மேற்படக் கூடாது. விண்ணப்பிக்க அணுக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

விசாரணை முடிந்ததும் குழுவின் முன் பல வழிகள் இருக்கின்றன. குழந்தையைப் பெற்றோரிடமே ஒப்படைக்கலாம். அலுவலர் ஒருவரின் மேற்பார்வை தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடும் ஒப்படைக்கலாம். தகுதியான நபரிடமோ தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பத்திடமோ ஒப்படைக்கலாம், நிதி ஆதரவுக்கு ஆணையிடலாம், இவை எதுவும் பொருந்தாதபோது குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பலாம். மேற்பார்வையோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் உடனடி ஆபத்து இல்லாத வழக்குகளில் பெரும்பாலும் சரியான ஆணை என்பது என் கருத்து. ஆனால் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், எந்த மாற்றம் தெரிந்தால் உடனே குழுவுக்குச் சொல்வார் என்பவை அந்தக் குழந்தைக்கென வகுக்கப்படும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்படாவிட்டால் மேற்பார்வை வெறும் சொல்லாக நின்றுவிடும்.

தகவல் தருபவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். குழந்தையின் பெயர், பள்ளி, படம் என அடையாளத்தை வெளிப்படுத்தும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைக்கோ ரூ. 2 லட்சம் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரியது. ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் நோக்கத்தில் அதன் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

குழுவின் ஆணையை ஏற்காத பெற்றோரோ பிறரோ 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு தொடர்பான முடிவுகள் என்றால் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம் செய்யப்பட வேண்டும்.