வலிப்பு நின்ற பிறகு வருகிற வருத்தம்

"டொக்டர், அவனுக்கு வலிப்பு நிண்டிட்டுது. பிறகேன் எங்களை உங்களிட்ட அனுப்பினவை?"

வடமராட்சியிலிருந்து வந்த ஒரு அம்மா போன கிழமை மனநல மருத்துவரான என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பக்கத்தில் அவருடைய மகன், 27 வயது. ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். குழந்தையில் காய்ச்சலோடு ஒரு நீண்ட வலிப்பு. பிறகு 9 வயதிலிருந்து கிழமைக்கு இரண்டு மூன்று தடவை. திடீரென்று வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புவார், சட்டை நுனியைப் பிசைவார், பிறகு ஒன்றும் நினைவிராது. மூன்று வகை மருந்துக்கும் அடங்காததால், காதுக்கு மேலே பொட்டுப் பக்கத்தில் உள்ள மூளைப் பகுதியில், வலது புறத்தில், கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். நான்கு மாதமாக ஒரு வலிப்புக்கூட இல்லை.

ஆனால் இரண்டரை மாதமாக அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. விடிய மூன்று மணிக்கு முழிப்பு. சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிவாராம், அடுத்த நிமிடம் அழுவாராம். வீட்டார் நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். அவர் உயிரை விட முயன்ற பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

இந்த இரண்டரை மாதத்தை நினைக்கத்தான் எனக்குக் கோபம் வருகிறது. இப்படி வருகிற முதல் ஆள் இவரில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான் கேட்பது ஒரே வசனம்: "வலிப்புத்தான் நிண்டிட்டுதே, இனி இவனுக்கு என்ன குறை?" வெளிநாட்டில் இருக்கும் அண்ணா போனில் "இவ்வளவு காசு செலவழிச்சும் நன்றி இல்லை" என்கிறார். அப்பா "கொழுப்பு" என்கிறார். சித்தி பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தயவுசெய்து கேளுங்கள். வலிப்பு நின்றது பெரிய காரியம்தான். ஆனால் வலிப்பும் மனநிலையும் ஒரே வளவுக்குள் குடியிருப்பவை. சத்திரசிகிச்சை நடந்த அந்த இடத்தில்தான் பயம், கோபம், கவலை எல்லாவற்றோடும் தொடர்புள்ள அமிக்டலா இருக்கிறது. நினைவைப் பதிகிற ஹிப்போகாம்பஸும் அங்கேதான். அவற்றில் ஒரு பக்கத்தை எடுத்தால் மிச்ச மூளை தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் மனச்சோர்வு, பதகளிப்பு, காரணமில்லாத அழுகை, சட்டென்று வருகிற சினம் எல்லாம் வரலாம். நான்கு பேரில் ஒருவர் அளவுக்கு இது வருவதைப் பல நாட்டு மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதிகமாக வருவது முதல் மூன்று மாதத்தில். வலிப்பு முற்றாக நின்றவருக்கும் வரும். இதைத்தான் எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்த முடியாமல் இருக்கிறது. வலிப்பு நின்றதா என்பது ஒரு கேள்வி, ஆள் சுகமாக இருக்கிறாரா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

"பழையபடி வந்திடுவான்" என்று அந்த அம்மா சொன்னார். 9 வயதிலிருந்து வலிப்போடு வளர்ந்தவருக்குப் பழையபடி என்று எது இருக்கிறது? கிணற்றடிக்குத் தனியே போகவிடவில்லை. சைக்கிள் ஓட விடவில்லை. படிப்பு பாதியில். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் எழும்பினால் வேலைக்குப் போ, கல்யாணம் கட்டு, லைசென்ஸ் எடு என்று எல்லோரும் நிற்கிறார்கள். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதைத்தபோது அந்தத் தம்பி சொன்னார்: "வருத்தம் இருக்கேக்க நான் ஏன் ஒண்டுஞ் செய்யேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, டொக்டர். இப்ப எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை." மெல்பேர்ண் ஆய்வாளர்கள் இந்த நிலையை 'வழமையாக இருப்பதன் சுமை' என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். அதைச் சுமக்கிறவரைப் பார்த்துக் கொழுப்பு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

மனச்சிதைவு போன்ற நிலை, அதாவது இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று நம்புவது, நூற்றில் சிலருக்குத்தான் வரும். முன்பே அப்படி ஏதும் வந்திருந்தால் வாய்ப்பு அதிகம். சத்திரசிகிச்சைக்கு முன்பு, அடுக்கடுக்காக வலிப்பு வந்து ஓய்ந்து, ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு ஆள் மாறிக் கதைத்திருந்தால், சாமி வந்தது என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது குடும்பத்துக்குப் பெயர் வைக்க அல்ல.

இதை வாசித்துவிட்டு "மூளையில கத்தி வைச்சா விசர் பிடிக்குமாம்" என்று ஊரெல்லாம் சொல்லவும் வேண்டாம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு இந்தச் சத்திரசிகிச்சை உண்மையில் உதவுகிறது. 2001இல் வெளிவந்த கனடிய ஆய்வில் 80 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில், சுயநினைவைக் குழப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் சத்திரசிகிச்சைக் குழுவில் 58 வீதம், மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8 வீதம். மனநிலையும் பலருக்குக் காலப்போக்கில் முன்பைவிட நல்லாகிறது. இடையில் வருகிற அந்த மாதங்களில் ஆளைத் தனியே விடாதீர்கள் என்பதுதான் என் மன்றாட்டம்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் ஏசுவேன். அந்த வீட்டில் மனச்சோர்வுக்குக் கொடுத்த குளிசையை "நித்திரைக் குளிசை, பழகிப்போகும்" என்று கிணற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். அது பழகிப்போகும் மருந்து அல்ல. வலிப்பைத் திரும்பக் கொண்டுவரும் என்ற பயமும் வேண்டாம். சேர்ட்ரலின் போன்றவற்றை வலிப்பு உள்ளவர்களுக்கு நாங்கள் தாராளமாகக் கொடுக்கிறோம். அதோடு சேர்த்து வலிப்புக் குளிசையையும் நிப்பாட்டியிருக்கிறார்கள்! சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வழமையாக அதை ஒன்றிரண்டு வருடம் தொடர்வோம், குறைப்பதானால் படிப்படியாகக் குறைப்போம். கார்பமசெபின், வல்ப்ரோயேட் போன்றவை மனநிலையையும் தாங்கிப் பிடிப்பவை. சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் வரும், மனமும் குழம்பும். மறுபக்கம், லெவெட்டிரசெட்டம் என்ற வலிப்புக் குளிசை சிலருக்குக் கடும் எரிச்சலைத் தரும். அப்படியென்றால் மாற்றலாம். வந்து சொன்னால்தானே மாற்றலாம்.

சக மருத்துவர்களிடமும் ஒன்று. விடுவிப்புக் கடிதத்தில் தையல் வெட்டும் திகதி இருக்கிறது, மனநிலையைப் பார்க்கும் திகதி இல்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஒருமுறையும், பிறகு முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறையாவதும் எங்களிடம் அனுப்புங்கள். வலிப்பு எத்தனை என்று கேட்கிற வாயால் நித்திரை எப்படி என்றும் கேளுங்கள்.

வீட்டாருக்கு: முதல் வருடம் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். வாகனம், தனியே கிணற்றடி, கீரிமலைக் குளிப்பு எல்லாம் மருத்துவர் சொன்ன பிறகு. சொல் மறக்கிறார், பெயர் வருகுதில்லை என்றால், முக்கியமாக இடது பக்கச் சத்திரசிகிச்சை என்றால், "நடிக்கிறான்" என்று சொல்லாமல் எழுதிவைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு, கதை குறைந்தால் நாள் பாராமல் வாருங்கள். காய்ச்சலோடு தலையிடியும் குழப்பமும் வந்தால் அது மனவருத்தம் அல்லாமல் தொற்றாகவும் இருக்கலாம், உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாகவேணும் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் நம்புங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் குளிசைப் பெட்டியையும் பூட்டித் திறப்பை வேறொருவர் வைத்திருங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள். நடுச்சாமத்தில் என்றாலும் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்தால் தமிழில் கதைக்கலாம்.

அந்தத் தம்பி இப்போது வாட்டில் இருக்கிறார். நேற்று ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டாராம். அப்பாவை இன்னும் நான் காணவில்லை. வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.