திறக்கப்படாத கடிதங்களும் கிறிஸ்துவின் ஆளுகையும்

தங்கள் வாழ்க்கை முழுவதையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டதாகச் சொல்லும் விசுவாசிகள் அதை மனதாரவே சொல்கிறார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பதிவுபெற்ற கடன் ஆலோசகராகப் பணிபுரிகிற எனக்கு, அந்த ஒப்புக்கொடுத்தல் எந்த இடத்தில் வந்து தயங்கி நிற்கிறது என்பது ஓரளவு தெரியும். ஞாயிறு ஆராதனை, குடும்ப ஜெபம், பிள்ளைகளின் ஒழுக்கம், நாவின் கட்டுப்பாடு ஆகிய அனைத்திலும் கிறிஸ்துவுக்கு முதலிடம் கொடுத்திருக்கும் வீடுகளிலும், சம்பளச் சீட்டும் கடனட்டைக் கணக்கும் மட்டும் யாருக்கும் காட்டப்படாமல் ஓர் இழுப்பறையில் கிடக்கின்றன. மனைவிக்குத் தெரியாத கடன் கணவனிடமும், கணவனுக்குத் தெரியாத துணிக்கடைக் கணக்கு மனைவியிடமும் இருக்கின்றன. ஒருவருடைய வாழ்வில் கிறிஸ்து இன்னும் ஆளாத பகுதி எது என்று அறிய வேண்டுமானால், அவர் எதை மறைத்து வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே போதும் என்பது இந்தத் தொழில் எனக்குத் தந்திருக்கும் முடிவு.

என்னிடம் வருபவர்களில் பலர் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தினர். அவர்கள் ஊதாரிகள் அல்லர். பெரும்பாலும் ஒழுங்காக வேலைக்குச் செல்பவர்கள், சபையில் பொறுப்பு வகிப்பவர்கள், பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்பவர்கள். கடன் அவர்களைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் புரிந்துகொள்ள ஒரு சம்பளச் சீட்டை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. இது எவருடையதும் அன்று. நான் அடிக்கடி காணும் நிலைமையை ஒட்டி அமைத்த எடுத்துக்காட்டு.

மொத்தச் சம்பளம் மாதம் 18,000 ராண்ட். வருமான வரி, வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கான 1 சதவீதம், ஓய்வூதியம், மருத்துவத் திட்டம் ஆகியவை போகக் கைக்கு வருவது 12,900. அந்தப் பணம் 25ஆம் தேதி விடியற்காலையில் வங்கிக் கணக்கில் விழுந்த உடனே, வீட்டுக் கடனுக்கு 4,800, கார்த் தவணைக்கு 3,900, தனிநபர்க் கடனுக்கு 2,300, இரண்டு துணிக்கடைக் கணக்குகளுக்கு 1,100 என்று வரிசையாகப் பிடித்தம் ஆகிறது. குடும்பத்தார் எழுந்து பல் துலக்குவதற்கு முன்பே அந்த மாதத்தின் பணம் 800 ராண்டாகச் சுருங்கிவிடுகிறது. மின்சாரம், தண்ணீர், பள்ளி வாகனம், அரிசி, எண்ணெய் எல்லாம் இனிமேல்தான். ஆகவே அடுத்த கடன் ஆசையினால் வாங்கப்படுவதன்று, சோற்றுக்காக வாங்கப்படுகிறது. ஆனால் அந்தச் சீட்டில் உள்ள தனிநபர்க் கடன் எதற்காக வாங்கப்பட்டது என்று கேட்டால், பிள்ளையின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்ததும், பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கான மேட்ரிக் நடன விழாவுக்கு உடையும் வாடகைக் காரும் எடுத்ததும் வெளியே வருகின்றன. பிறருடைய கண்ணுக்கு நாம் எப்படித் தெரிய வேண்டும் என்ற கவலைதான் அந்த வீட்டில் உண்மையில் எஜமானாக இருந்திருக்கிறது.

இதன் பிறகு கடிதங்கள் வரத் தொடங்கும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் மிகப் பெரிய இழப்பு ஏற்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி, தவணை தவறியவர்மீது வழக்குத் தொடுக்கும் முன்பு கடன் கொடுத்த நிறுவனம் அவருக்கு ஓர் எழுத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். கடன் ஆலோசகரை அணுகும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதை அந்தக் கடிதமே சொல்கிறது. அது அனுப்பப்பட்டுக் குறைந்தது 10 வேலை நாள்கள் கழிந்த பின்னரே நீதிமன்றத்துக்குப் போக முடியும். அந்த நாள்களுக்குள் வந்துவிட்டால், அந்தக் கடனையும் கடன் மறுஆய்வில், அதாவது ஆலோசகர் வழியாகக் கடன்களைச் சட்டப்படி மறுசீரமைக்கும் நடைமுறையில், சேர்த்துத் தவணையைக் குறைத்துக் கேட்க வழி உண்டு. வழக்குத் தொடங்கிவிட்டால் அந்தக் குறிப்பிட்ட கடனை மறுஆய்வில் சேர்க்க இயலாது. அது வீட்டுக் கடனாக இருந்தால் விளைவு என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. உதவிக்கு வழிகாட்டும் கடிதமே அச்சத்தினால் பிரிக்கப்படாமல் குப்பைப் பையில் போய்ச் சேருவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகிறது.

பிரிக்காத கடிதத்தின்மேல் கை வைத்து ஜெபித்தோம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஜெபத்தை நான் இகழமாட்டேன். ஆனால் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வரும் விதவையை அவர்களுக்கு நினைவூட்டுவேன். அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ளக் கடன்காரன் வந்துவிட்டான். அவள் எலிசாவிடம் தன் நிலையை ஒளிக்கவில்லை. கணவனுடைய கடன் என்பதையும், பிள்ளைகள் பறிபோகும் ஆபத்தையும் வெளிப்படையாகச் சொன்னாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று தீர்க்கதரிசி கேட்டபோது, ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கணக்குக் கொடுத்தாள். அற்புதம் அந்தக் கணக்குக்குப் பிறகுதான் நடந்தது. அதன் முடிவும் கவனிக்கத்தக்கது: கடன் மாயமாய் மறைந்துபோகவில்லை. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியைக் கொண்டு பிழைக்கும்படி அவளுக்குச் சொல்லப்பட்டது. நான் மேசையில் விரிக்கும் வரவு செலவுத் தாளும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறது: யாருக்கு எவ்வளவு, கையில் என்ன இருக்கிறது, செலுத்தியது போக எதைக் கொண்டு வாழ்வது.

கணவன் மனைவிக்கு இடையிலுள்ள மறைவு சட்டப்படியும் சிக்கலானது. திருமணத்துக்கு முன்பு தனி ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளாதவர்கள் இந்நாட்டில் பொதுவாகக் கூட்டுச் சொத்து முறையில் மணந்தவர்களாகவே கருதப்படுவர். அவ்வாறு மணந்தவர்களில் ஒருவர் வாங்கும் கடன் இருவருடைய கூட்டுச் சொத்தையும் பற்றும். அதனால்தான் 1984ஆம் ஆண்டுத் திருமணச் சொத்துச் சட்டம், கடன் ஒப்பந்தத்துக்கும் பிணைக் கையெழுத்துக்கும் துணைவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தைக் கேட்கிறது. விண்ணப்பப் படிவத்தில் திருமணமாகாதவர் என்று குறித்துவிட்டுக் கடன் வாங்கிய விசுவாசிகள் இருக்கிறார்கள். பலிபீடத்தின் முன் கொடுத்த வாக்கை ஒரு சிறு கட்டத்தில் இட்ட குறியினால் மறுதலித்திருக்கிறோம் என்று அவர்களுக்கு அப்போது தோன்றவில்லை. கடன் மறுஆய்வுக்கு இத்தகைய தம்பதியர் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், என் அலுவலகத்தில் முதன்முறையாக உண்மை பேசப்படுவது உண்டு. “ஏங்க, இதை நீங்க வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே” என்பதற்கு மேல் அந்த மனைவியர் பலர் ஒன்றும் கேட்பதில்லை. கடனைவிட, தனக்குச் சொல்லாமல் விட்டதுதான் அவர்களைத் தைக்கிறது. மனைவியிடம் கடனை மறைத்தவன் தேவனிடம் மட்டும் திறந்த உள்ளத்தோடு இருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

பிணைக் கையெழுத்தைப் பற்றி ஒரு சொல். சபையில் ஒரு சகோதரர் கேட்டார், மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிடுவேனோ என்று கையெழுத்திட்டேன் என்பது வழக்கமான விளக்கம். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் இதைக் குறித்து மிகக் கடுமையாக எச்சரிக்கிறது. உங்களால் முழுத் தொகையையும் செலுத்த முடியாது என்றால் அந்தக் கையெழுத்து உண்மையற்ற கையெழுத்து. அந்தச் சகோதரருக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுங்கள். அது உங்களால் முடிந்த அன்பு.

காணிக்கையைப் பற்றி எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே நேர்மையற்றதாகிவிடும். தசமபாகத்தை வரவு செலவுத் தாளில் வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதை வெளிப்படையாக எழுதுங்கள், கடன் கொடுத்தவர்களும் நீதிமன்றமும் பார்க்கட்டும், தொகை உங்கள் இன்றைய நிலைக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்பதே என் பதில். ஆனால் கடனட்டையைத் தேய்த்துக் கொடுக்கும் விதைக் காணிக்கை முற்றிலும் வேறு. இத்தனை ஆயிரம் விதைத்தால் கடன் ரத்தாகும் என்று பிரசங்கிக்கப்படும் கூட்டங்களிலிருந்து நேராக என்னிடம் வந்தவர்களை எனக்குத் தெரியும். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லித் தேவனுக்கு ஒதுக்கிவிட்டவர்களை இயேசு கண்டித்தார். பிறருக்குச் சேர வேண்டிய பணத்தைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு, அதற்கு ஆசீர்வாதத்தை எதிர்பார்ப்பதும் அதே வகையைச் சேர்ந்ததுதான். மேய்ப்பர்கள் இதைப் பிரசங்க மேடையிலிருந்தே சொல்ல முன்வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒருவனுக்கும் கடன்படாதிருக்கும்படி ரோமர் 13:8 சொல்வதைத் தசமபாகப் போதனைக்கு இணையாக அடிக்கடி கேட்க நான் விரும்புகிறேன்.

வரவு செலவுத் தாளில் இன்னொரு வரி இருக்கிறது. அதை எவரும் ஆவிக்குரிய காரியமாக எண்ணுவதில்லை. அது வீட்டுப் பணியாளருக்குக் கொடுக்கும் கூலி. செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் குறைக்கப்படுவதும் அதுவே. 2022 மார்ச் முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் தேசியக் குறைந்தபட்சக் கூலி முழுமையாகப் பொருந்தும். வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குப் பணியாளர் 1 சதவீதமும் வேலை கொடுப்பவர் 1 சதவீதமும் செலுத்த வேண்டும். பணியாளர்களைப் பதிவு செய்யாமல், ஆனால் அவர்கள் சபைக்கு வர வேண்டும் என்று மட்டும் ஜெபிக்கிற வீடுகள் உள்ளன. கூலி பிடித்துவைக்கப்பட்டால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4.

நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டிய காரியம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் வந்து சேர்ந்தது; அதில் வந்தவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டுச் சம்பளம் மாதத்துக்கு 10 ஷில்லிங். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தம் செய்யும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. பின்னர் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தினால், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதிக்கப்பட்டது. அதைக் கட்ட முடியாமல் மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கரும்புத் தோட்டத்துக்கே திரும்பியவர்கள் பலர். அந்த வரி 1914இல்தான் நீங்கியது. கட்ட முடியாத தொகை ஒரு மனிதனை எப்படிக் கட்டிவைக்கும் என்பதையும், பிடித்தம் செய்யப்பட்ட கூலி ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதையும் நம் பாட்டன் பாட்டிமார் அனுபவித்து அறிந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் நம் சமையலறையில் வேலை செய்யும் பெண்ணின் கூலியில் கை வைத்துவிட்டு, அதைச் சிக்கனம் என்று சொல்லக் கூடாது.

தெரு வட்டிக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே அவர்களை மஷோனிசா என்பார்கள். 1,000 ராண்ட் வாங்கினால் மாதக் கடைசியில் 1,300 அல்லது 1,500 கேட்பார்கள். சட்டப்படி குறுகிய காலச் சிறு கடனுக்கு மாத வட்டி, ஆண்டின் முதல் கடனுக்கு 5 சதவீதத்தையும், அதே ஆண்டில் அடுத்து வாங்கும் கடன்களுக்கு 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. உங்கள் வங்கி அட்டையையோ அடையாள அட்டையையோ வங்கி அட்டையின் இரகசிய எண்ணையோ பிணையாக வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். விசுவாசிகளில் சிலர் ஓய்வுபெற்ற பணத்தை இவ்வாறு வட்டிக்கு விடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். லூக்கா 19இல் சகேயுவின் வீட்டுக்குள் இயேசு நுழைந்த அன்றே அவனுடைய கணக்குப் புத்தகமும் மாறியது. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாக அவன் எழுந்து நின்று சொன்னான். வட்டிக்கு விடும் சகோதரர்கள் அந்த அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கடன் மறுஆய்வு என்பது இன்பமான பாதையன்று. அது முடியும் வரை புதிய கடன் எதுவும் வாங்க முடியாது, கடனட்டைகளைப் பயன்படுத்த முடியாது, அது பல ஆண்டுகள்கூட நீடிக்கும். வீட்டுக் கடன் தவிர மற்றவற்றை முழுவதும் செலுத்தி, வீட்டுக் கடனின் நிலுவையையும் சரிசெய்த பிறகே விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்கும். அந்த ஆண்டுகளில் மண்டபம் இல்லாத பிறந்தநாளும், வீட்டிலேயே தைத்த உடையும், உறவினரிடம் “இப்போது எங்களால் முடியாது” என்று சொல்லும் துணிவும் தேவைப்படும். ஆனால் இந்த ஒழுங்குக்குள் வந்த குடும்பங்களில், மாதம் ஒருமுறை பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கணக்கைப் பார்த்து, அதன்பின் ஜெபிப்பது வழக்கமாகிவிட்டதை நான் கண்டிருக்கிறேன். பணத்தைப் பற்றிய பேச்சும் ஜெபமும் அங்கே ஒரே மேசைக்கு வந்துவிட்டன.

உங்கள் வீட்டிலும் இழுப்பறையில் கடிதங்கள் இருந்தால், இன்றிரவு அவை அனைத்தையும் பிரித்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். 129ஆம் பிரிவு என்று குறிப்பிட்டிருப்பதைத் தனியே மேலே வையுங்கள். கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். மறந்துபோன கணக்குகள் அதில் தெரியும். அண்மைய சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கைகள், அடையாள அட்டை ஆகியவற்றோடு, மணமானவர்கள் இருவருமாகவே ஆலோசகரிடம் செல்லுங்கள். அவர் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவர்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே எந்தத் தாளிலும் கையெழுத்திடுங்கள்.