வேனுக்கு இன்னொரு பட்டை போட்டால் போதுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஃபோர் வீல் டிரைவ் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சமையல் மேடை, 100 லிட்டர் தண்ணீர் டேங்க், இரண்டு பெரிய பேட்டரி எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கிவிட்டார். குடும்பத்தோடு ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரில் தங்கி, காவலூர் பக்கம் இரவு வானத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் வேனின் பின்பக்கம் தொங்கிவிட்டது. "பின்னாடி இன்னொரு பட்டை ஏத்திட்டா சரியாயிடும்" என்று பட்டறையில் சொல்கிறார்களாம். போதுமா?

எந்தப் பட்டை என்பதைப் பொறுத்தது. பட்டை என்பது பாடிக்கும் ஆக்சிலுக்கும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) நடுவே எடையைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடு. அப்படிப் பலவற்றை அடுக்கிக் கட்டியதுதான் பட்டைக் கட்டு, அதாவது லீஃப் ஸ்பிரிங். இதைப் புரிந்துகொள்ளப் பட்டைக் கட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

ஹூக் விதி பள்ளியிலேயே படித்தது: இரண்டு மடங்கு எடை வைத்தால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு தாழும். சரி, அதை விடுங்கள். கட்டாத வெள்ளைத் தாள் ஒரு 100 எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும். ஓரத்தைக் கவனித்தால், நேராக இருந்த விளிம்பு சாய்ந்திருக்கும். ஒவ்வொரு தாளும் அடுத்த தாளின் மேல் துளித்துளியாக நழுவியிருக்கிறது. இப்போது அதே கட்டை, ஓரங்களில் கிளிப் போட்டு நழுவவிடாமல் செய்துவிட்டு வளையுங்கள். அட்டைப் பலகை மாதிரி விறைத்து நிற்கும். காகிதம் ஒன்றுதான். நழுவுகிறதா இல்லையா என்பது மட்டுமே மாறியது.

வேனுக்கு அடியில் நடப்பதும் இதுவே. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் கனத்தை, அதாவது தடிமனை மூன்று முறை பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 7 செ.மீ. தடிமனில் ஒரே இரும்புத் துண்டைப் போடுவதற்குப் பதிலாக, 1 செ.மீ. பட்டைகள் ஏழை அடுக்கினால் விறைப்பு 49இல் ஒரு பங்காகக் குறைகிறது. தாங்கும் எடையோ ஏழில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. அதாவது உடைவதற்கு முன் ஏழு மடங்கு அதிகமாக வளைந்து கொடுக்கும். இரும்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சீவி அடுக்கியதிலேயே பள்ளத்தில் இறங்கி ஏறக்கூடிய ஒரு பொருள் கிடைத்துவிட்டது!

கீழே போகப் போகப் பட்டைகள் ஏன் குட்டையாகின்றன? வளைக்கும் விசை ஆக்சில் உட்காரும் நடுப்பகுதியில் அதிகம், முனையில் குறைவு. எனவே நடுவில் அகலமாகவும் இரு முனையிலும் கூராகவும் இருக்கும் சாய்சதுரத் தகடுதான் சிக்கனமானது. எல்லா இடத்திலும் இரும்பு ஒரே அளவு உழைக்கும். ஆனால் அவ்வளவு அகலமான தகட்டை வேனுக்கு அடியில் எங்கே வைப்பது? அதை நீளவாக்கில் நாடாக்களாக அறுத்து, நீளமானதை மேலேயும் குட்டையானவற்றை அதன் கீழேயும் அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பட்டைக் கட்டு என்பது அறுத்து அடுக்கிய ஒரு சாய்சதுரம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று, காட்பாடி ரோட்டில் நின்ற லாரிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது வாசகரின் கேள்வி. ஒரு பேச்சுக்கு, அவருடைய வேனில் பின் ஆக்சில் மேல் 1,500 கிலோ இருந்தது, வீட்டு சாமான்களால் 1,700 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏறியது சுமார் 13 சதவீதம். ஏழு பட்டைக் கட்டில் அதே தடிமனில் எட்டாவது ஒன்று போட்டால், விறைப்பு தோராயமாக 14 சதவீதம் கூடும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. இந்தச் சுமை இறக்கி ஏற்றுகிற சரக்கு அல்ல, எப்போதும் வண்டியிலேயே இருப்பது. அதனால் விறைப்பைக் கூட்டுவதில் தவறில்லை.

தவறு நடப்பது, "இன்னும் பலமாகப் போடலாம்" என்று 10 மி.மீ. பட்டைகளுக்கு நடுவே 12 மி.மீ. பட்டை ஒன்றைச் சொருகும்போது. அது ஒன்றே கிட்டத்தட்ட 1.7 பட்டைக்குச் சமம். விறைப்பு 25 சதவீதம் ஏறிவிடும். அதைவிட முக்கியமானது, பட்டைக் கட்டுக்குள் எல்லாப் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே வளைவுக்குத்தான் வளைகின்றன. ஒரே வளைவுக்கு வளையும்போது தடித்த பட்டையின் மேற்பரப்பு அதிகமாக இழுபடுகிறது, இங்கே 1.2 மடங்கு. பலத்துக்கென்று போட்ட தடித்த பட்டைதான் முதலில் முறியும்.

சத்துவாச்சாரியில் ஒரு பட்டறையில் அப்படி முறிந்த துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பீஞ்சமந்தை மலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் வண்டியுடையது. நடுவில், பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி முறிந்திருந்தது. துளையின் ஓரத்தில் துருவேறிய வழவழப்பான ஒரு பகுதி, அதில் கிளிஞ்சல் ஓட்டின் மேல் இருப்பது போல வளைவு வளைவாக வரிகள். மீதிப் பகுதி சர்க்கரை மாதிரிப் பளபளவென்று சொரசொரப்பாக இருந்தது. அந்த வரிகள் விரிசல் பல நாள்களாக அடி அடியாக முன்னேறிய தடம். சொரசொரப்பான பகுதி கடைசியில் ஒரே நொடியில் அறுந்த இடம். வண்டிக்காரர் திருஷ்டி என்று சொல்லி, அன்று காலையில்தான் பூசணிக்காய் உடைத்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தால் வளைக்கும் விசை முழுக்க அந்தத் துளையில்தான் விழும். மாதம் ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கியிருந்தால் முறிந்திருக்காது. பாகாயம் அரசு தொழில்நுட்பக் கல்லூரி மாதிரியான இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆராய்ச்சிப் பணம் கொடுத்து, இந்த மலைப்பாதைகளில் பட்டை எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கச் சொல்ல வேண்டும். நம் சாலைக்கு ஏற்ற பட்டையை நாமே வடிவமைக்க அந்த அளவுகள் போதும். இதற்குப் பணம் ஒதுக்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம் ஆக்சில். விறைப்பான பட்டை பள்ளத்தில் சக்கரத்தை இறங்கவிடாது, சக்கரம் அந்தரத்தில் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை ஆக்சிலின் இரு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இரண்டு சக்கரத்துக்கும் சமமான முறுக்குவிசைதான் கொடுக்கும். அந்தரத்தில் இருப்பதற்கு எதிர்ப்பே இல்லை, எனவே தரையில் இருப்பதற்கும் ஒன்றும் கிடைக்காது. பாலாற்று மணலில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருக்க மற்றது சும்மா நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறுக்காகத் தூக்கினால் ஃபோர் வீல் டிரைவும் நின்றுவிடும். அதனால் மலைக்குப் போகிறவருக்கு முதல் செலவு பின் ஆக்சிலில் ஒரு லாக்கர், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலவைக்கும் கருவி.

ஆக்சிலையே மாற்றுவதானால் இரண்டு விஷயம். லாரியின் பின் சக்கர நடுவில் வட்டமாகப் போல்ட் போட்ட ஒரு தட்டு துருத்திக்கொண்டிருக்குமே, அதுதான் ஃபுல் ஃப்ளோட்டிங். எடையை ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் சுமக்கிறது, உள்ளே இருக்கும் ஷாஃப்ட் திருப்புவதோடு சரி. ஷாஃப்ட் அறுந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. கனமான வேனுக்கு அதுதான் நல்லது. இன்னொன்று, பின்னால் போடும் கிரவுன், பினியன் (ஆக்சிலுக்குள் வேகத்தைக் குறைக்கும் இரண்டு பல்சக்கரங்கள்) விகிதம் முன்னால் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். முன்னால் 4.10, பின்னால் 4.56 என்று போட்டால் இரண்டும் 11 சதவீதம் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்ட சில மீட்டரிலேயே எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

பலர் மறப்பது பிரேக். நிறைய வேன்களில் பின் பிரேக் அழுத்தத்தை ஒரு லோடு சென்சிங் வால்வு கட்டுப்படுத்துகிறது. பாடிக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அதற்கு எடை தெரியும். பட்டை ஏற்றியதும் வேன் காலி வண்டி உயரத்தில் நிற்கும், வால்வும் காலி என்றே நம்பிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முன் பிரேக் மட்டும் எல்லாவற்றையும் சுமந்து சூடேறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பட்டை வேலை முடிந்த அன்றே வால்வின் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வண்டியில் இந்த மாதிரி மாற்றம் செய்யும் முன் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதியைக் கேட்டுவிடுங்கள். பட்டை கூட்டியதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்பு கூடாது. பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதானே.

முதல் வேலையாக டேங்கை நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை எடை போடச் சொல்லுங்கள். அந்தச் சீட்டையும், இப்போது இருக்கும் பட்டைகளின் எண்ணிக்கை, தடிமன் இரண்டையும் எழுதி அனுப்பினால், எத்தனை பட்டை என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.