பழைய மரம் என்றால் செத்த மரமா?

பழைய மரத்துண்டுகளில் செய்த டைலைச் சுவரில் ஒட்டியவர்கள் கொண்டுவரும் புகார் இரண்டே இரண்டு: நடுவில் பிளவு, அல்லது தரையில் மாவுபோல் உதிரும் மரத்தூள். கூடவே வரும் வாதம் மட்டும் மாறுவதில்லை. “எண்பது வருஷத் தேக்கு சார், இனிமேல் இதற்கு என்ன ஆகப்போகிறது?”

ஆகும். வெட்டி எத்தனை வருஷமானாலும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். நூறு வருஷக் கதவு ஐப்பசியில் இறுகி, சித்திரையில் லேசாவதைப் பார்த்ததில்லையா? இடிப்புக் கடையில் மழையில் கிடந்த சட்டத்தில் ஈரம் 18 சதவீதம் என்றால், நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அது 10க்கு இறங்கிவிடும். நீளவாக்கில் அசைவு இல்லையென்றே சொல்லலாம். அகலவாக்கில் 100 மி.மீ.க்கு ஒன்றரை மி.மீ. வரை போகும். குறைவாகச் சுருங்கும் தேக்குக்கே இந்தக் கணக்கு.

அதனால் முதலில் 10 மி.மீ. கனத்துக்கு அறுங்கள். இடையிடையே குச்சி வைத்து, ஒட்டப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். ஈரம் அளக்கும் மீட்டர் 10 முதல் 12 சதவீதம் காட்டிய பிறகு பசை எடுங்கள். பசை, துண்டுகளைப் பதிக்கும் 6 மி.மீ. பிளைவுட் பலகையின் மேல் மட்டும். துண்டுகளின் பக்கவாட்டில் தடவினால் பிளவை நீங்களே ஏற்பாடு செய்கிறீர்கள். சுவர் ஓரங்களில் 8 மி.மீ. விட்டு, பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டியால் மறையுங்கள். மழைக்காலத்தில் ஏசியை நிறுத்தியதும் மரம் உப்பும், அதற்கு இடம் வேண்டாமா?

அடுத்தது மாவு. வைரம் பாய்ந்த தேக்கை உளு, அதாவது மரம் துளைக்கும் வண்டு, தொடுவது அரிது. ஆனால் துண்டு மரத்தில் வெள்ளைப் பகுதி கலந்தே வரும், அதிலுள்ள மாவுச்சத்துதான் வண்டுக்குச் சாப்பாடு. குண்டூசித் தலை அளவு துளை இருந்தால் தட்டிப் பாருங்கள். வெளிறிய புதுத்தூள் உதிர்ந்தால் அந்தத் துண்டு வேண்டாம், மேலே வார்னிஷ் பூசி மறைக்கவும் வேண்டாம், உள்ளே புழு தின்றுகொண்டுதான் இருக்கும். வண்டைத் தடுக்கும் போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலும் இழைத்த வெற்று மரத்தில்தான் இறங்கும். அது காய்ந்தபின் ஆறு பக்கமும் பாலிஷ். முன்பக்கம் மட்டும் பூசிவிட்டு ‘சீல் பண்ணியாச்சு’ என்று சொல்லும் ஆட்களிடம் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

சரக்கு அடுக்கும் பேலட் கட்டையில் ‘HT’ (எச்.டி.) முத்திரை இருந்தால் மையம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள். மறுபடி பூச்சி வராது என்று பொருள் அல்ல. ‘MB’ (எம்.பி.) என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். எண்ணெய்க் கறை, மருந்து வாடை உள்ளதையும் ஒதுக்குங்கள்.

பழைய பெயின்ட் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முந்தைய கதவு, ஜன்னலை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போடாதீர்கள், குழந்தை இருக்கும் வீட்டில் சத்தியமாக வேண்டாம். வண்ணம் அழகாக இருக்கிறதே என்று அப்படியே ஒட்டுவதும் உதிரும் ஈயத்தைச் சுவரில் தொங்கவிடுவதுதான்.

ஒரு அடிச் சதுர டைல் ஏறத்தாழ ஒரு கிலோ. டிஸ்டெம்பர் மேல் ஒட்டினால் டிஸ்டெம்பரோடு கழன்று வரும். சுரண்டிவிட்டு பிளைவுட்டைத் திருகால் பிடியுங்கள். ஓதம் சந்தேகமா? இரண்டடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவருக்கு மரமே வேண்டாம். கேஸ் அடுப்புக்குப் பின்னாலும்தான், இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.