வாத்து ஏன் விழவில்லை?

சத்துவாச்சாரி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய வீடியோ கேம் பெட்டி கிடைத்தது. தொண்ணூறுகளில் ஒரு முழுப்பரீட்சை லீவுக்கு லாங் பஜாரில் அப்பா வாங்கிக் கொடுத்தது. மஞ்சள் கேசட்டுகள் ஏழு, ஒயர் சுற்றிய ஜாய்ஸ்டிக் இரண்டு, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. ஹாலில் இருந்த எல்இடி டிவியில் சொருகியதும் மரியோ பழையபடி குதித்து ஓடினார். அப்புறம் வாத்து சுடும் கேசட்டைப் போட்டேன். அக்கா மகள் திரையை ஒட்டி நின்று சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை.

“மாமா, துப்பாக்கி கெட்டுப்போச்சு.”

கெடவில்லை. ஸ்குரூவைக் கழற்றி அவளுக்குக் காட்டினேன். குழாயின் நுனியில் ஒரு சின்ன லென்ஸ், அதன் பின்னால் ஒளியை உணரும் ஒரு சில்லு, விசைக்கு ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். இந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போவதில்லை. டிவியின் வெளிச்சம்தான் இதற்குள் வருகிறது.

நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியின் நகல்தான் நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை. வாத்து விளையாட்டான ‘டக் ஹன்ட்’ 1984-ல் வந்தது. விசையை இழுத்ததும் அது திரை முழுவதையும் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குக் கறுப்பாக்கிவிடும். அடுத்த படத்தில் (ஃபிரேமில்) வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று துப்பாக்கி உணர்ந்தால் குறி சரி. இரண்டு வாத்து பறந்தால் இரண்டு கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும். அந்த முதல் இருட்டு எனக்கு மிகவும் பிடித்த இடம். குண்டு பல்பைக் குறிவைத்து ஏமாற்றப் பார்த்தால், இருட்டாக இருக்க வேண்டிய நேரத்திலும் வெளிச்சம் தெரியும். ஆட்டம் அதைக் கணக்கில் சேர்க்காது.

இதற்கெல்லாம் டப்பா டிவிதான் வேண்டும். அதன் குழாய்க்குள் ஒரு எலக்ட்ரான் கற்றை, நாம் ஏடு எழுதுவதுபோல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரிவரியாகப் படத்தை வரைகிறது. நம் நாட்டு டப்பா டிவிகள் பின்பற்றிய ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 15,625 வரிகள். கற்றை பட்ட புள்ளி பளிச்சென்று எரிந்து உடனே மங்கிவிடும். அதனால் வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கும் துப்பாக்கிக்கு அது ஒரே சீரான வெளிச்சமாகத் தெரியாது. வரிக்கு ஒரு துடிப்பாக, படபடவென்று தெரியும். நிண்டெண்டோவின் துப்பாக்கியில் இந்த வேகத்துத் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுக்கும் சுற்று உண்டு. வெயில், டியூப் லைட் எதுவும் அதைக் குழப்பாது.

எல்இடி டிவியில் அந்தத் துடிப்பே கிடையாது. பின்விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்க, அதன் முன்னால் புள்ளிகள் திறந்து மூடுகின்றன. தாமதம் வேறு. வந்த படத்தை எண்களாக்கி, தன் அளவுக்குப் பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டுகிறது. அதற்குள் சில படங்களின் நேரம் போய்விடும். நம் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்து சேரும்போது, ஆட்டம் துப்பாக்கியைக் கேட்டு முடித்து, ‘குறி தப்பியது’ என்று முடிவே செய்திருக்கும்.

குடியாத்தத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு 21 இஞ்ச் டப்பா டிவி இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு அங்கே போனோம். மூன்றாவது குண்டில் வாத்து விழுந்தது, ஆட்டத்தில் வரும் நாய் அதைத் தூக்கிக் காட்டியது. அவள் சுடச்சுட நான் மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால், வானம், புல், வாத்து எல்லாம் மறைந்து திரை இருண்டது. அந்த இருட்டில் ஒரு வெள்ளைச் சதுரம் மேலிருந்து கீழே பட்டையாக நிரம்பியது. அதை நிறுத்தி நிறுத்தி அவள் பெரியம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.