ஆறு மாதம் தாண்டியும் அம்மா உயிரோடு இருந்தால் ஹாஸ்பிஸ் நின்றுவிடுமா?

ஆறு மாதம் தாண்டியதற்காக மட்டும் நின்றுவிடாது. டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த பெற்றோரை அமெரிக்காவில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தரும் ஹாஸ்பிஸில், அதாவது கடைசிக் காலத்தில் வலியும் அவஸ்தையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பில், 'ஆறு மாதம்' என்று ஒரு கணக்கு உண்டு, ஆனால் அது கெடு இல்லை. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோதான் இருப்பார் என்று டாக்டர்கள் கணிக்கிறார்கள், அவ்வளவுதான். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸுக்கு மாறினார், காலமானது 2024 டிசம்பர் 29. கிட்டத்தட்ட 22 மாதம்.

ஹாஸ்பிஸில் சேர மெடிகேர் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கான பகுதி) இருக்க வேண்டும். ஹாஸ்பிஸ் டாக்டரும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தால் அவரும், அந்த ஆறு மாதக் கணிப்பில் கையெழுத்திட வேண்டும். இந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இனி வேண்டாம், வலியும் அவஸ்தையும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நோயாளியோ அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை உள்ளவரோ எழுதித் தர வேண்டும். அப்புறம் நர்ஸ் வீட்டுக்கே வருவார், குளிப்பாட்ட ஆள் வரும், கட்டில், மருந்து, டயப்பர் எல்லாம் வரும், நடுராத்திரியில் மூச்சுத் திணறினாலும் கூப்பிட ஒரு நம்பர் இருக்கும். முதலில் 90 நாள், அடுத்து இன்னொரு 90 நாள், அதன் பிறகு 60 60 நாளாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். மூன்றாவது தவணையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஹாஸ்பிஸ் டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ (கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்) நேரில் பார்த்து, இன்னும் தகுதி இருக்கிறதா என்று எழுத வேண்டும்.

சரி, மோசடி எங்கே நுழைந்தது? மெடிகேர் இதற்கு நாள் கணக்கில் பணம் கொடுக்கிறது. வீட்டில் வைத்துப் பார்க்கும் சாதாரணப் பராமரிப்புக்கு முதல் 60 நாள் வரை ஒரு நாளுக்கு 200 டாலருக்கு மேல், அதன் பிறகு கொஞ்சம் குறைவு. அன்றைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நாளின் பணம் ஏஜென்சிக்குப் போய்விடும். அப்படியென்றால் சீக்கிரம் இறக்காத, அடிக்கடி நர்ஸ் தேவைப்படாத ஒருவரைப் பிடித்து ஹாஸ்பிஸில் சேர்த்துவிட்டால் லாபம். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இது ஒரு தொழிலாகவே ஆனது. 2010க்குப் பிறகு அங்கே ஹாஸ்பிஸ் ஏஜென்சிகள் 1,500 சதவீதம் பெருகிவிட்டதாகக் கலிபோர்னியாவின் தணிக்கை அதிகாரி 2022 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். அதே வட்டாரத்து வான் நைஸில் ஒரே ஒரு கட்டடத்தின் முகவரியில் ஹாஸ்பிஸ், ஹோம் ஹெல்த் (வீட்டுக்கே வந்து தரும் சிகிச்சை) என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஏஜென்சிகள் லைசென்ஸ் வாங்கியிருந்தன.

டெக்சாஸில் நடந்தது இன்னும் கொடுமை. மெரிடா குழுமம் என்ற நிறுவனம் அல்சைமர், டிமென்ஷியா போன்ற நீண்டகால நோய் உள்ளவர்களிடம் உங்களுக்கு ஆறு மாதம்கூட இல்லை என்று பொய் சொல்லிச் சேர்த்தது. அந்தப் பொய்யைச் சொல்ல மதகுருமாரைக்கூட அனுப்பினார்கள். 15 கோடி டாலர் மோசடி. அதன் உரிமையாளருக்கு 2020 டிசம்பரில் 20 வருடச் சிறை விதித்தார்கள்.

இதனால்தான் பிடி இறுகியது. 2022 முதல் கலிபோர்னியா புதிய லைசென்ஸை நிறுத்தி வைத்தது. 2023 ஜூலையில் அரிசோனா, கலிபோர்னியா, நெவாடா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் புதிதாகச் சேரும் ஹாஸ்பிஸ்களை மெடிகேர் தனிக் கண்காணிப்பில் வைத்தது. தொடங்கி 36 மாதத்துக்குள் ஏஜென்சியை அப்படியே கைமாற்றி விற்றுவிட்டுப் போவதற்கும் 2024இல் தடை வந்தது. எல்லாம் தேவையான நடவடிக்கைகள்தான், ஒன்றையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தணிக்கை வருகிறது என்றதும் நேர்மையான ஏஜென்சியும் பயப்படுகிறது, அந்தப் பயம் முதலில் போய் விழுவது டிமென்ஷியா நோயாளிகள் மேல். புற்றுநோய் முற்றினால் கடைசி வாரங்களில் சரிவு வெளிப்படையாகத் தெரியும். டிமென்ஷியா அப்படி இல்லை. அம்மா ஒரு வாரம் எதுவும் சாப்பிட மாட்டார், செய்தி கேட்டுப் பிள்ளைகள் ஊரிலிருந்து ஓடி வருவார்கள், அடுத்த வாரம் இரண்டு கரண்டி ரசம் சாதம் இறங்கும், இப்படியே ஒரு வருடம் ஓடும். டிமென்ஷியாவுக்கு மெடிகேர் தரப்பு வைத்திருக்கும் அளவுகோலோ கறாரானது: துணை இல்லாமல் நடக்க முடியக்கூடாது, பேச்சு ஒரு சில வார்த்தைகளாகச் சுருங்கியிருக்க வேண்டும், கூடவே கடந்த ஒரு வருடத்தில் புரையேறி வந்த நிமோனியாவோ, ஆழமான படுக்கைப் புண்களோ, ஆறு மாதத்தில் 10 சதவீத எடை இழப்போ போன்ற ஒன்று இருக்க வேண்டும். உடம்பு இளைக்கிறதா என்று பார்க்க நர்ஸ் டேப்பை எடுத்து அம்மாவின் மேல்கையைச் சுற்றி அளக்கிறார். போன மாதத்தைவிடக் குறையவில்லை. நல்ல செய்திதானே என்று நமக்குத் தோன்றும், ஆனால் ஃபைலில் அது 'சரிவு இல்லை' என்றுதான் ஏறும்.

அப்படி ஏறினால், உயிரோடு டிஸ்சார்ஜ். நோய் குணமாகியிருக்காது, கட்டிலும் நர்ஸும் ராத்திரி நம்பரும் மட்டும் போய்விடும். இதில் பணமும் மிச்சமாகிறது என்று சொல்ல முடியாது. ஜோனதன் க்ரூபர் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், டிமென்ஷியா நோயாளிகள் லாப நோக்குள்ள ஹாஸ்பிஸில் சேர்ந்தால்கூட மெடிகேரின் மொத்தச் செலவு குறைகிறது, ஆஸ்பத்திரியும் நர்சிங் ஹோமும் மிச்சமாவதுதான் காரணம் என்று கண்டார்கள். திருடனைப் பிடிக்க வேண்டும், சந்தேகமே இல்லை. யாருமே வந்து பார்க்காத வீட்டுக்குப் பில் போட்டவனைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு, எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணுவது தப்பான இடத்தில் தேடுவது.

டிஸ்சார்ஜ் என்றால் என்ன செய்யலாம்? தகுதி இல்லை என்று நிறுத்துவதாக இருந்தால், குறைந்தது இரண்டு நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதில் ஒரு அப்பீல் நம்பர் இருக்கும். சேவை முடியும் தேதிக்கு முந்தைய நாள் மதியம் 12 மணிக்குள் கூப்பிட்டால் வெளியார் ஒருவர் அவசரமாகப் பரிசீலிப்பார். அந்த மதியத்தைத் தவறவிடாதீர்கள். அப்பீலில் தோற்றாலும், நிலைமை மோசமானால் மறுபடி சேரலாம். இடைப்பட்ட காலத்துக்கு கைடு என்ற திட்டம் 2024 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. தனியார் நிறுவனம் வழியாக அல்லாமல் அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில் சேர்ந்திருந்து, ஹாஸ்பிஸிலும் நர்சிங் ஹோமிலும் இல்லாத டிமென்ஷியா நோயாளிகளுக்கானது. பார்த்துக்கொள்பவர் கொஞ்சம் ஓய்வெடுக்க மாற்று ஆள் வைப்பதற்கு, தகுதி உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 2,500 டாலர் வரை கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இலவச டயப்பர், பால் டின், வீட்டு வேலைக்கு ஆள் என்று வாசலில் வந்து நிற்பவரிடம் மெடிகேர் நம்பரைச் சொல்லாதீர்கள். திடீரென்று வேறொரு டாக்டரின் பில்லையோ மருந்தையோ மெடிகேர் மறுத்தால், உங்களுக்குத் தெரியாமல் ஹாஸ்பிஸில் சேர்த்திருக்கிறார்களா என்று 1-800-633-4227இல் கேளுங்கள். தெரிந்தே சேர்ந்திருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து விலகலாம்.

ஹாஸ்பிஸில் இருப்பவர்களின் வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். இன்று எத்தனை வார்த்தை பேசினார், எத்தனை வாய் சாப்பிட்டார், விழுங்கும்போது எத்தனை முறை இருமினார், போன மாதம் சரியாக இருந்த ஜாக்கெட் தோளில் எவ்வளவு தொளதொளக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். நேரில் பார்க்க வருபவர் அரை மணி நேரம்தான் இருப்பார், அந்த அரை மணியில் அம்மா சிரித்துவிட்டால் அதுதான் அவர் கண்ணில் படும். அந்த நாளில் நீங்கள் வீட்டில் இருந்து நோட்டை அவர் கையில் கொடுங்கள்.