மென்பொருளை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

இந்த மாதம் இது மூன்றாவது அழைப்பு. "புது மென்பொருள் வந்ததிலிருந்து டீமில் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை, ஒருநாள் பயிற்சி கொடுங்கள்" என்றார் மேலாளர். போய்ப் பார்த்தால், மூன்று வாரமாகச் சில பில்களுக்கு அந்த மென்பொருள் இரண்டு முறை பணம் அனுப்பியிருக்கிறது. ஐடி பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் பிரிவு இருந்துவிட்டது. கணக்குப் பிரிவு பார்க்கிறது என்று ஐடி பிரிவு இருந்துவிட்டது. ஒரு இளம் ஊழியருக்கு மட்டும் சந்தேகம் வந்திருக்கிறது. நிறுத்தச் சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டார்.

"மெஷின் வந்தாச்சு, இனி ஆட்களுக்கு வேலை சுலபம்" என்ற நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சுலபமான வேலையைத்தானே மெஷின் எடுத்துக்கொள்கிறது? மிச்சமிருப்பது அதற்குப் புரியாத சிக்கல்கள். அவற்றைத் தீர்க்கத் தேவையான கைப்பழக்கமும், அன்றாட வேலை போனதோடு சேர்ந்து போய்விடுகிறது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே இதை எழுதிவிட்டார். இன்னும் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2009 ஜூன் 1-ஆம் தேதி ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. தானியங்கிக் கட்டுப்பாடு விலகிக்கொண்டது. தலைமை விமானி ஓய்வில் இருந்தார். துணை விமானிகள் இருவரும் தனித்தனியாகப் பயிற்சி பெற்றவர்கள்தான், ஆனால் விமானம் யார் கையில் என்பதில் தெளிவு இல்லை. ஒரு கட்டத்தில் இருவருமே ஒரே நேரத்தில் இயக்கினார்கள். 228 பேர் இறந்தார்கள்.

அதனால் டீமை ஒன்றுசேர்க்கிறேன் என்று தயவுசெய்து சுற்றுலா, விளையாட்டில் தொடங்காதீர்கள். மென்பொருள் போடுவதற்கு முன்பே, அந்த வேலையைக் கையால் செய்தவரோடு உட்காருங்கள். எந்தப் பில் எப்போது வம்பு செய்யும் என்பது அவர் தலையில்தான் இருக்கிறது. முதல் வேலையாக அவரை வேறு பிரிவுக்கு மாற்றுகிறீர்களே, ஏன்?

கண்காணிப்புக்கு வாரம் ஒருவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். "எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. மாதம் ஒருநாளாவது வேலையில் ஒரு பகுதியைக் கையால் செய்யுங்கள். நிறுத்தும் உரிமை கடைசியாகச் சேர்ந்தவருக்கும் வேண்டும். அவர் வீணாக ஒருமுறை நிறுத்திவிட்டால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்புறம், அந்த இளம் ஊழியரைக் கூப்பிட்டு "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். "என்ன கவனித்தீர்கள்?" என்று கேளுங்கள்.